பள்ளிமுனை மாப்பிள்ளைக் கோட்டு

மன்னார்த் தீவின் பள்ளிமுனையில் அறுபத்தாறாம் ஆண்டிலிருந்து எழுபத்தாறு வரை கலியாணம் செய்த ஆண்கள் பதினொரு பேரின் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், ஆட்கள்தான் வேறு, கோட்டு ஒன்று என்பது தெரியவரும். கருநீலக் கம்பளிக் கோட்டு. மூன்று பொத்தான்களில் நடுவிலுள்ளது மற்ற இரண்டையும் விடச் சற்றுப் பெரியது. அதை ஒவ்வொரு உடம்புக்கும் பொருத்திக் கொடுத்தவர் றஞ்சிதம். பதினோராவது ஆள் அவருடைய சொந்த மருமகன்.

றஞ்சிதம் தையல் யாரிடமும் பழகியவர் அல்ல. ஊரின் கத்தோலிக்கக் கோயிலுக்கு வருடத்தில் ஒன்றிரண்டு தடவை வெளிநாட்டிலிருந்து பழைய உடுப்புப் பொதிகள் வரும். சுவாமியார் குடும்ப எண்ணிக்கைப்படி பங்கிடுவார். பங்கில் கிடைப்பது எதுவும் யாருக்கும் அளவாக இராது. தீவில் ஒருவரும் உடுத்தமுடியாத அகலத்தில் சட்டைகள், முழங்காலுக்குக் கீழே வீணாகத் தொங்கும் கைகள், வேர்வைக்கு ஒரு நாளும் ஒத்துவராத கம்பளிகள். றஞ்சிதம் தன் பங்கில் கிடைத்த ஒரு சட்டையைப் பிரித்து, துண்டுகளைப் பாயில் பரப்பி, எது எதோடு சேர்ந்திருந்தது என்று பார்த்துப் பார்த்து மகளுக்கு ஒரு பாவாடையாக்கினார். அது நன்றாக இருந்ததென்று சொல்லமுடியாது. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ஆனால் உடுத்தக்கூடியதாக இருந்தது; அந்த நாட்களில் அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அதன்பின் அயலார் தங்கள் பங்குகளைக் கொண்டுவரத் தொடங்கினார்கள்.

அளவுநாடா அவரிடம் இருக்கவில்லை. வலைநூலால் அளந்து, மார்புக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒரு முடிச்சு போட்டு, சுவரிலுள்ள ஆணியில் மாட்டிவிடுவார். எது யாருடைய நூல் என்று அவருக்கு மட்டும் தெரியும். கொழும்புக்கு மாறிப்போன ஒரு ஆசிரியை விட்டுப்போன, கையால் சுற்றும் தையல் மெசின் ஒன்று இருந்தது. மெசினுக்குரிய எண்ணெய் கிடைக்காததால் தேங்காயெண்ணெய் விட்டார். அது சில மாதங்களில் பசையாகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, மறுபடியும் தேங்காயெண்ணெயே விடுவார். அது பிழையான எண்ணெய் என்று அவருக்குத் தெரியாமலில்லை. வேறு இல்லை, அவ்வளவுதான். மத்தியானச் சமையல் முடிந்தபின் வெளிச்சம் இருக்கும்வரை தைப்பார். முதுகு வலிக்கும்போது எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி மெசினுக்கு முன் இருப்பார்.

கோட்டு அவர் பங்கில் விழுந்ததற்குக் காரணம், அதை வேறு யாரும் எடுக்கவில்லை. காற்சட்டை வரவில்லை, கோட்டு மட்டும் வந்திருந்தது. பெரிய உடம்புக்காரன் ஒருவனுடையது. இரண்டு பேர் நுழையலாம். பிரித்து வேறேதும் செய்யலாமென்று வைத்திருந்தபோது, பக்கத்து வீட்டுக் கொன்ஸ்ரன்ரைனுக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளைக்குக் கோட்டுப் போடுவது பெண் வீட்டாரின் பொறுப்பு என்பது அங்கே வழக்கம். பெண் வீட்டாருக்கு வசதியில்லை. றஞ்சிதம் கோட்டின் பக்கங்களை உள்ளே மடித்து, பெரிய நூலோட்டமாக ஓட்டி, அவனுக்கு அளவாக்கிக் கொடுத்தார். கலியாணம் முடிந்ததும் நூலை உருவிவிட்டார். கோட்டு மறுபடி பழைய பெரிய ஆளின் கோட்டாகிப் பெட்டிக்குள் போயிற்று. எதையும் வெட்டாமல் மடிப்பதும் பிரிப்பதும்தான் அவர் கண்டுபிடித்த முறை. அந்த ஒன்றில் மட்டும் அவரைக் கெட்டிக்காரி என்று சொல்லலாம்.

மூன்று வருடம் கழித்து ஒரு வள்ளம் கவிழ்ந்தது. நாலு பேர் போனார்கள். கொன்ஸ்ரன்ரைன் மட்டும் கரை சேர்ந்தான். செத்தவர்களின் வீடுகளுக்குப் போய் அவன் தலைகுனிந்து இருந்தான். நீ மட்டும் எப்படித் தப்பினாய் என்று அந்த வீட்டார் வாயால் கேட்கவில்லை, கண்ணால் கேட்டார்கள். ஒருநாள் அவன் தன் மனைவியிடம், அந்தக் கோட்டுப் போட்டுக் கலியாணம் முடித்தவன் நான் ஒருவன்தானே என்று சொன்னான். காரணமில்லாமல் உயிரோடிருப்பதை விட ஒரு பழைய கோட்டைக் காரணமாக வைத்திருப்பது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்க வேண்டும். மனைவி அதை வெளியே சொன்னாள். அதன்பின் கோட்டுக்கு ஆட்கள் வரிசையாக வந்தார்கள். கோட்டுப் போட்டவனைக் கடல் எடுக்காது என்பது தீவின் வடகரையிலுள்ள பேசாலை ஊர்வரை போயிற்று. சுவாமியார் பிரசங்கத்தில் கண்டித்தார். எல்லோரும் கேட்டுவிட்டு, கோயிலிலிருந்து நேரே றஞ்சிதத்தின் வீட்டுக்கு வந்து நாள் சொன்னார்கள்.

றஞ்சிதத்துக்கு அந்த நம்பிக்கை இல்லை. கோட்டின் உட்புறம் அவருக்குத் தெரியும். எங்கே துணி நைந்திருக்கிறது, எங்கே உள்துணி கிழிந்து தான் ஒட்டுப் போட்டிருக்கிறார் என்பதெல்லாம் தெரியும். அவருடைய கணவர் கிறகரி, நெஞ்சு நோயால் கடலுக்குப் போகமுடியாமல் வீட்டிலிருந்து கிழிந்த வலை பொத்துபவர், அடிக்கடி ஒன்று சொல்வார்.

"இந்தக் கோட்டு என்னைவிடக் கனதரம் கலியாணம் முடிச்சிட்டுது. ஒருக்காவும் மாமியாரிட்டப் பேச்சு வாங்கேல்ல."

எழுபத்தோராம் ஆண்டில் கிறகரி ஆஸ்பத்திரியில் கிடந்த மாதத்தில்தான் ஒரு தவறு நடந்தது. ஆறாவது மாப்பிள்ளை எலும்பும் தோலுமான பொடியன். அவனுக்காக மடித்த துணி உள்ளே திரண்டு, முதுகில் மூட்டை கட்டினதுபோல் தெரிந்தது. அவனுடைய தாய் மூன்று தரம் வந்து, படத்தில் கூனன் போல இருக்கும் என்று முறைப்பட்டாள். றஞ்சிதம் காலையில் ஆஸ்பத்திரிக்கும் பின்னேரம் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். மூன்றாம் தரம் அவள் வந்துபோனபின், கத்தரிக்கோலை எடுத்து, நடுமுதுகிலும் இரு பக்கத்திலும் உள்ளே கிடந்த துணியைத் தையலோரமாக வெட்டி எறிந்தார். நாலு நாலு விரல் அகலத் துணி. கோட்டு படிந்து நின்றது. தாய் சந்தோஷமாகப் போனாள்.

என்ன செய்துவிட்டோம் என்பது கலியாணம் முடிந்து நூலை உருவ எடுத்தபோதுதான் அவருக்கு விளங்கிற்று. உருவ ஒன்றுமில்லை. இனி இந்தக் கோட்டு ஒடுங்குமே தவிர விரியாது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் வரவில்லை. அடுத்த வருடங்கள் பஞ்ச வருடங்கள். மாவுமில்லை, சீனியுமில்லை, கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி அளந்து கொடுத்தார்கள். அடுத்து வந்த நாலு மாப்பிள்ளைகளும் மெலிந்தே வந்தார்கள். ஊர் பட்டினி கிடந்ததால் அவருடைய பிழை மறைந்து கிடந்தது. அதை நினைத்து அவர் வெட்கப்பட்டார்.

எழுபத்தாறில் மகள் அன்ரோனெற்றுக்குப் பேசாலையில் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை பெனடிக்ற். தகப்பன் கடலில் போனவர். உடம்பு கூடக் கிடைக்கவில்லை. தாயும் அடுத்த வருடம் போய்விட, தம்பியை வளர்த்தவள் மூத்தவள் பெற்றிசியா. பெண்ணைப் பற்றி அவள் அதிகம் விசாரிக்கவில்லை. பெண் வீட்டில் அந்தக் கோட்டு இருக்கிறது என்பது அவளுக்குப் போதும். கலியாணம் பேசவந்த முதல் நாளே அதை வெளிப்படையாகச் சொன்னாள். தம்பி கோட்டோடுதான் தாலி கட்டவேண்டும். இல்லையென்றால் கடற்காரனுக்கு இன்னும் கொஞ்சக் காலம் கலியாணம் வேண்டாம் என்று.

கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்க, பெற்றிசியா தம்பியை அளவுக்குக் கூட்டிவந்தாள். பெனடிக்ற் கரைவலை இழுத்துத் தோள் அகன்று வளர்ந்தவன். வாசலில் அவன் நின்றபோதே றஞ்சிதத்துக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் கோட்டை எடுத்து விரித்துப் பிடித்தார். ஒரு கை போயிற்று. மறுகையும் ஒருவாறு போயிற்று. முன்பக்கம் இரண்டும் இரண்டு விரல் தூரத்தில் நின்றன.

"மாமி, இதுக்குள்ள நான் பாதிதான் போவன்," என்றான் பெனடிக்ற். "மற்றப் பாதிக்கு வேற பொம்பிளை பார்க்கவேண்டி வரும்."

உள்ளே நின்ற அன்ரோனெற் சிரித்துவிட்டாள். பெற்றிசியா சிரிக்கவில்லை. அவள் பின்னால் வந்து, முதுகுத் தையலில் விரலை ஓட்டினாள்.

"பிரிச்சு விடலாந்தானே, மாமி? உள்ளுக்குத் துணி விட்டிருப்பியள்."

"ஓம் பிள்ளை, பார்ப்பம்," என்றார் றஞ்சிதம்.

அவர்கள் போனபின் அதே இடத்தில் இருந்தார். அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. அன்ரோனெற் போய் இறக்கினாள். மகளிடம் உண்மையைச் சொன்னார். அவள் அழவில்லை, அடிப்பிடித்த சோற்றை வழித்துப் போட்டாள். பிறகு, பெற்றிசியாவுக்கு இது தெரிந்தால் எல்லாம் இதோடு நிற்கும் என்று மட்டும் சொன்னாள். அது மிகையல்ல. போன வருடம் பேசாலையில் ஒரு மாப்பிள்ளையின் மோதிரம் கிணற்றில் விழுந்ததற்காக, கோயிலில் அறிவிப்பு வாசித்த கலியாணமே நின்றுபோயிருந்தது. கிறகரி தன் பங்குக்கு, எலி கடித்துவிட்டதென்று சொல்லலாம் என்றார். எலி கடித்த கோட்டும் அபசகுனந்தான் என்று அவருக்கே தோன்றியதும் பேச்சை விட்டுவிட்டு வலையைக் கையிலெடுத்தார்.

றஞ்சிதம் கோட்டை ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு மன்னார்க் கடைத்தெருவுக்குப் போனார். அங்கே ஊரார் நானா என்று கூப்பிடும் அப்துல் ஹமீட் என்ற தையற்காரர் இருந்தார். முறையாகத் தொழில் பழகினவர். ஊரில் றஞ்சிதம் தைத்த உடுப்புகளைக் கண்டால் தலையை ஆட்டிச் சிரிப்பவர் என்று கேள்வி. அதனால் அதுவரை அந்தக் கடைப்படியை றஞ்சிதம் மிதித்ததில்லை. அப்துல் ஹமீட் கோட்டை வாங்கி, உட்புறம் வெளியே வரப் புரட்டி, வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"தங்கச்சி, ஆர் உங்களிட்டக் கத்தரிக்கோலைத் தந்தது?"

"ஒருத்தரும் தரேல்ல, நானா. நானேதான் எடுத்தனான்."

அவர் சிரிக்கவில்லை. இப்படிப்பட்ட துணி இன்றைக்குத் தீவிலும் இல்லை, கொழும்பிலும் கிடையாது என்றார். செய்யக்கூடியது ஒன்றுதான்: நடுமுதுகைக் கழுத்திலிருந்து அடிவரை திறந்து, இடையில் வேறு துணி ஒரு துண்டு வைக்கவேண்டும். எதை வைத்தாலும் தெரியும். முன்பக்கம் படம் எடுப்பவனுக்குத்தான்; பூசை முடியும்வரை கோயிலில் இருப்பவர்கள் எல்லோரும் பார்ப்பது மாப்பிள்ளையின் முதுகைத்தான். அதை மறைக்க ஒரு தொழிலும் இல்லை என்று சொல்லி, கோட்டை ஒழுங்காக மடித்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

அன்று திரும்பி வருகிற வழியில் றஞ்சிதம் ஒரு பொய்யும் தேடவில்லை. நேர்மை என்று அதைச் சொல்லத் தோன்றவில்லை. களைத்துப்போனவர்களுக்குப் பொய் சொல்லுவதும் ஒரு வேலை. சொன்னபின் அதைக் காத்துக்கொண்டிருப்பது அதைவிடப் பெரிய வேலை. ஐந்து வருடம் காத்தாயிற்று. அடுத்த நாள் காலை பேசாலை பஸ்ஸில் ஏறினார்.

பெற்றிசியா வீட்டு வளவில் பாயில் பரப்பிய கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். றஞ்சிதம் தனியாக வந்ததைக் கண்டு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கதிரை எடுத்துப் போட்டாள். றஞ்சிதம் அதில் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னார்.

"பிள்ளை, அந்தக் கோட்டு விரியாது. உள்ளுக்கு இருந்த துணியை நான் வெட்டி எறிஞ்சிட்டன்."

பெற்றிசியா கேட்டுக்கொண்டு நின்றாள். எப்போது என்று கேட்டாள். எழுபத்தொன்றில் என்றார். ஏன் என்று கேட்பாள் என்று றஞ்சிதம் எதிர்பார்த்தார். அவள் அதைக் கேட்கவில்லை.

"வெட்டினதுக்குப் பிறகு எத்தினை பேர் போட்டவை?"

"ஆருக்கு வெட்டினனோ, அந்தப் பொடியனோட ஐஞ்சு பேர்."

"ஐஞ்சு பேரும் கடல் தொழிலுக்குப் போறவையோ?"

"நாலு பேர் போகினம். ஒருத்தன் றெயில்வேயில."

"நாலு பேரும் உயிரோட இருக்கினமோ?"

"ஓம். இருக்கினம்."

பெற்றிசியா குனிந்து, புரட்டாமல் விட்ட கருவாட்டில் ஒரு வரிசையைப் புரட்டி முடித்தாள்.

"அப்ப வெட்டினதால ஒண்டும் குறையேல்ல. நாலு பேரை அது கொண்டுவந்து சேர்த்திருக்கு. முதுகைத் திறந்து, கையில கிடைக்கிற துணியை வைச்சுத் தையுங்கோ, மாமி. அவன் அதைத்தான் போடுவான்."

ஒரு பெரிய பாரம் இறங்கும் என்று றஞ்சிதம் நினைத்திருந்தார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கலியாணம் நிற்காது என்பது நிச்சயமாயிற்று; அதோடு தைக்கவேண்டிய வேலையும் நிச்சயமாயிற்று. பெற்றிசியா ஒரு பொட்டலம் கருவாடு கட்டிக் கொடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டிலிருந்த கறுப்புத் துணி ஒன்றே ஒன்று: கம்பி முறிந்த குடையின் துணி. அதை முக்கோணம் முக்கோணமாகப் பிரித்து, ஒன்றோடொன்று பொருத்தி, ஒரு நீளப் பட்டியாக்கினார். கம்பளி தடிப்பு, குடைத்துணி மெல்லிசு. மெசின் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க மறுத்தது. கம்பளி நகராமல் நின்றது, குடைத்துணி சுருங்கிச் சுருங்கி முன்னால் ஓடிற்று. மூன்று தரம் பிரித்தார். கடைசியில் மெசினைத் தள்ளிவைத்துவிட்டுக் கையாலேயே தைத்தார். எட்டு மத்தியானங்கள் எடுத்தன.

கலியாணம் பள்ளிமுனைக் கோயிலில். பெனடிக்ற் பீடத்துக்கு முன் நின்றபோது கோட்டு அவனுக்கு அளவாகத்தான் இருந்தது. ஆனால் கம்பளி வெளிச்சத்தைக் குடித்துவிடுகிற துணி, குடைத்துணி பளபளப்பது. கழுத்திலிருந்து அடிவரை நாலு விரல் அகலத்தில் ஒரு கறுப்புக் கோடு மின்னிக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கத்தில் முதலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பின்வரிசையில் ஒருத்தி, பேசாலையாருக்கு மழைப் பயம் போல என்றாள். சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முன்னால் இருந்த பெற்றிசியாவுக்கு அது கேட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"மழை இல்ல," என்றாள். "கடல்."

அதன்பின் ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கே இருந்த பெண்களில் கடலுக்கு ஆளைக் கொடுக்காத வீடு குறைவு. பெனடிக்ற் தாலி கட்டினான். றஞ்சிதம் தூணோரமாக நின்று, அவனுடைய கைகள் உயர்ந்தபோது அக்குள் தையலையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கழுத்தில் தாலி ஏறியதை அவர் காணவில்லை என்று பிறகு சொன்னார்.

கோட்டு வெட்டப்பட்ட கதை ஊர் முழுக்கப் பரவிற்று. ஆறாவது மாப்பிள்ளையின் தாய் வந்து, தான் ஒருக்காலும் வெட்டச் சொல்லவில்லை என்று முற்றத்தில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். அது உண்மைதான், அவள் வெட்டச் சொல்லவில்லை. இனி இந்தக் கோட்டை ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று றஞ்சிதம் எண்ணினார். அதில் அவருக்கு ஓர் ஆறுதலும் இருந்தது. ஆனால் ஆவணியில் ஒருத்தி, தையில் கலியாணம் வைத்திருந்த மகனோடு வந்தாள். மகன் ஒல்லி; உள்ளே மடித்துவிட்டால் போதும், அந்தக் குடைத்துணியை மட்டும் எடுத்துவிடாதேங்கோ, அதைத்தான் பேசாலையார் கேட்டு வாங்கினவையாம் என்றாள். றஞ்சிதம் நூலை எடுத்து அவளுடைய மகனை அளந்தார்.

அந்த மார்கழியில் வாடைக் காற்று கடுமையாக இருந்தது. ஒரு புதன்கிழமை விடியற்காலை பேசாலையிலிருந்து போன வள்ளங்களில் மூன்று மத்தியானமாகியும் திரும்பவில்லை என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். அவற்றில் ஒன்று பெனடிக்ற் போனது. அன்ரோனெற் அப்போது பேசாலையில், ஐந்து மாதக் கர்ப்பிணி. பேசாலைக்குப் போகலாமென்றால் பஸ் பின்னேரந்தான். கிறகரி வேலிப் படலையடியில் போய் நின்றார். இருமல் வந்ததும் திரும்பி வந்தார். பிறகு மறுபடி போய் நின்றார்.

றஞ்சிதம் செபமாலையை எடுத்தார். அதன் முதல் பத்து மணிகளைச் சொல்லி முடிக்குமுன் அதை வைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து கோட்டை எடுத்தார். ஏன் எடுத்தார் என்பதற்கு அவரிடம் விளக்கமில்லை. பாயில் குப்புற விரித்து, குடைத்துணியின் இரு ஓரத்தையும் விரலால் தடவிக்கொண்டு போனார். கழுத்துக்குக் கொஞ்சம் கீழே, இடப்பக்கத்தில், துணி தும்பு தும்பாகக் கழன்று, தையல் ஒரு சாண் நீளத்துக்கு விட்டிருந்தது. ஓரத்தை மடிக்காமல் தைத்த இடம். தொழில் தெரிந்தவர் யாரும் அப்படித் தைத்திருக்கமாட்டார்கள்.

அந்தக் கோட்டின் உட்புறத்தைப் பத்து வருடமாகப் பார்த்தவர் அவர்; அது துணி என்பதை ஊரில் வேறு யாரையும் விட நன்றாக அறிந்தவர். அந்த அறிவு அப்போதும் அவரிடம் இருந்தது. அது இருந்தும், ஊசியில் நூல் கோக்க முயன்றார். மூன்றுதரம் தவறி, நாலாம் தரம் கோத்தார். ஓரத்தை மடித்து, அடியிலிருந்து மேல்நோக்கி நெருக்கமாகத் தைக்கத் தொடங்கினார். கிறகரி உள்ளே வந்து பார்த்தார். வெளிச்சம் விழட்டும் என்று ஜன்னற் கதவை முழுக்கத் திறந்து, காற்றில் அடிக்காமல் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாலு மணி பஸ்ஸின் கொண்டக்டர் பேசாலைப் பொடியன். இறங்கி ஓடி வந்து சொன்னான்: மூன்று வள்ளமும் தலைமன்னார்ப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது, ஆட்கள் எல்லோரும் இருக்கினம், பெனடிக்ற் அண்ணைக்குக் காலில் காயம், வேறொன்றுமில்லை. கிறகரி ஜன்னலை விட்டுவிட்டு நிலத்தில் இருந்துவிட்டார். றஞ்சிதம் எழுந்து, அந்தப் பொடியனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அவன் குடித்து முடியும்வரை பக்கத்தில் நின்று, அனுப்பிவைத்தார்.

பிறகு வந்து பாயில் இருந்தார். இன்னும் ஆறேழு அங்குலம் மீதியிருந்தது. பொடியன் சொன்ன கணக்கில் பெனடிக்ற் கரை சேர்ந்த நேரத்தை எண்ணிப் பார்த்தால், அவர் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அவன் மண்ணில் கால் வைத்துவிட்டான். கிறகரி அதைத்தான் சொன்னார். இனி விடு, நாளைக்குத் தைக்கலாம், கண் தெரியாது என்றும் சொன்னார்.

"பாதியில விட மனம் வரேல்ல," என்றார் றஞ்சிதம்.

கழுத்துவரை தைத்து முடித்து, முடிச்சுப் போட்டு, நூலைக் கடித்தார்.